அரிசிக் கடைக்காரன் சோற்றை விட்ட கதை

எழுபதுகளின் கடைசியில், கேகாலையிலிருந்து ரம்புக்கனைக்குப் போகும் பாதையில் இருந்த ஒரு சின்ன பஜாரில் எனக்கு அரிசிக் கடை இருந்தது. கடையைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் ரப்பர் மரங்கள்தான். தோட்டத்தில் பால் வெட்டும் நம்முடைய தமிழ்ச் சனங்களும், வயல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் சிங்களப் பெண்களும் என் வாடிக்கைக்காரர்கள். நாள் முழுதும் நாட்டரிசி, சம்பா, பச்சையரிசி என்று அளந்து போடுவதுதான் என் பிழைப்பு.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நாடே பஞ்சத்தில் கிடந்தது. பேக்கரி வாசலில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றோம். மரவள்ளிக் கிழங்கும் ஈரப்பலாக்காயும்தான் வீட்டில் வெந்தன. அரிசிக் கடைக்காரன் வீட்டிலேயே கிழமையில் பாதி நாள் சோறு கிடையாது. அவ்வளவு மெலிந்திருந்ததால் நான் அப்போது இடுப்பில் சாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுவேன். பிறகு ஆட்சி மாறியது, கப்பல் கப்பலாகச் சாமான் வந்தது, கடையில் மூட்டைகள் கூரையைத் தொட்டன. பட்ட பட்டினிக்கெல்லாம் சேர்த்துப் பழிவாங்குவது போல நான் சாப்பிட ஆரம்பித்தேன். காலையில் பாணும் சம்பலும், பகலில் மலை போலச் சோறு, நாலு மணிக்குச் சீனி போட்ட தேத்தண்ணியோடு பணிஸ், இரவில் மறுபடியும் சோறு. அது முடிந்தால் தயிரில் இனிக்கும் கித்துல் பாணி ஊற்றி ஒரு கிண்ணம். ஊரார் வயிறு நிறைந்தது. என் வயிறு மட்டும் நிறைந்த பிறகும் நிற்கவில்லை.

தோட்டத்துக் கோயில் திருவிழா அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. கோயில் மலை உச்சியில். பாதி ஏற்றத்தில் முழங்கால் இரண்டும் கெஞ்ச, ஒரு ரப்பர் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால்குடம் சுமந்த பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒருத்தி, எங்கள் கடையில் கிழமைக்கு ஒருமுறை அரிசி வாங்குகிறவள், வாய்க்காரி. தலையில் குடத்தோடு நின்று திரும்பிப் பார்த்தாள்.

“என்னா மொதலாளி, பின்னால இருந்து தள்ளி வுடவா?”

வரிசை முழுதும் சிரித்தது. என் மனைவிதான் அதிகமாகச் சிரித்தாள். ஆனால் மறுநாளே என்னைக் கேகாலைக்குப் பஸ் ஏற்றி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர், ஒல்லியான மனிதர். என்னைத் தராசில் ஏற்றினார், முழங்காலை அமுக்கினார், இரத்த அழுத்தம் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு சோறு சாப்பிடுறனீங்கள்?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள்.

“சரி. இனிச் சோறு வேண்டாம்” என்றார். “பாண், ரொட்டி, இடியப்பம், கிழங்கு, பலாக்காய், சீனி, பாணி, வாழைப்பழம் ஒண்டும் வேண்டாம். எல்லாம் மாச்சத்து. மீன், முட்டை, இறைச்சி, கீரை, போஞ்சி, கோவா, இதுகளைச் சாப்பிடுங்கோ. பசிச்சா ஒரு முட்டை கூடச் சாப்பிடுங்கோ. விளங்குதோ?”

“டாக்டர் ஐயா, நான் அரிசிக் கடை வச்சிருக்கேனுங்க” என்றேன்.

“விக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லையே” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மனைவி அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாள்: “ஏங்க, அன்னைக்கி ஒரு கொத்து அரிசிக்கு நாயா பேயா அலைஞ்சோம். இன்னைக்கி வீடு நெறைய அரிசிய வச்சிக்கிட்டு வேணாங்கிறதா? சாமி பாத்துக்கிட்டுதான இருக்கும்?” கேட்டாளே தவிர, அன்று இரவு எனக்கு இரண்டு முட்டையும், கோவா என்கிற முட்டைக்கோசு வறையும்தான் வைத்தாள்.

முதல் சில நாட்கள் தலைவலி மண்டையைப் பிளந்தது. எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கடையில் யாராவது அரிசியைக் கையில் அள்ளி மோந்து பார்த்தால் எனக்கு எச்சில் ஊறும். மீன் குழம்பு இருக்கும், அதை எதில் ஊற்றிப் பிசைவது? குழம்பைக் கரண்டியால் குடித்துப் பார்த்தேன். அது சாப்பாடு மாதிரியே இல்லை, மருந்து மாதிரி இருந்தது. அடுப்படியில் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல். வெள்ளிக்கிழமை வந்தால் இன்னும் மோசம். அன்றைக்கு வீட்டில் மீனும் முட்டையும் ஏறாது. கீரை, தயிர், மறுபடி கீரை. சனிக்கிழமை காலையில் கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் நான்தான் முதல் ஆளாக நிற்பேன்.

இவ்வளவுக்கும் பலன் இல்லாமல் போகவில்லை. முதல் கிழமை முடிவில், கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். முன்பு ஒரு மூட்டையும் கிட்டத்தட்ட இன்னொரு அரை மூட்டையுமாக இருந்தவன் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தேன். நிறுத்துப் போடும் ஆளைக் கூப்பிட்டு இரண்டு தரம் பார்க்கச் சொன்னேன். சந்தோசம் தாங்காமல் டாக்டரிடம் ஓடினேன்.

“இது பெரும்பாலும் தண்ணி” என்றார் அவர், எழுதிக்கொண்டே. “மாச்சத்தை விட்டா உடம்பில தேங்கி நிக்கிற தண்ணி முதல்ல போகும். கொழுப்பு மெல்ல ஆறுதலாத்தான் கரையும். இப்பவே துள்ள வேண்டாம்.”

துள்ளாமல்தான் இருந்தேன். ஆனாலும் எடை மெல்ல மெல்ல இறங்கத்தான் செய்தது. முழங்கால் வலி விட்டது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மூட்டைகளின் மேல் சாய்ந்து குறட்டை விடுவது என் வழக்கம். அந்தத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. மூன்று மணி வெயிலிலும் தெளிவாகக் கணக்குப் பார்த்தேன். இரண்டு வேளைக்கு நடுவில் எதையாவது கொறிக்கத் தேடும் அந்தப் பசி இல்லை. இது எனக்கே ஆச்சரியம். சோற்றை விட்டால் பசி கூடும் என்று நினைத்தேன், முட்டையும் மீனும் நின்று பிடித்தன.

கெட்டதையும் சொல்ல வேண்டும். மலம் இறுகிக் காலையில் நான் பட்ட பாட்டை எழுத்தில் வைக்க முடியாது. கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. சாக்கைக் கொஞ்சம் கோணலாகக் கட்டியதற்கு நிறுத்துப் போடும் ஆளிடம் பாய்ந்தேன். எல்லாவற்றையும் விட மோசம் வாய் நாற்றம். பழுத்து அளிந்த அன்னாசியைப் போல ஒரு வாடை. எனக்குத் தெரியவில்லை, மனைவிக்குத்தான் தெரிந்தது. ஒரு நாள் கடையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவனை வாசலிலேயே மறித்தாள்.

“எங்க போயி குடிச்சிட்டு வாறீங்க?”

“நானா? கடையில இருந்து நேரா வாறேன்.”

“பொய் சொல்லாதீங்க. கசிப்பு வாடை மூஞ்சில அடிக்குது.”

அந்தக் கள்ளச் சாராயத்தை நான் வாழ்நாளில் தொட்டதில்லை. சாமி மேல் சத்தியம் செய்தேன், பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். நம்பவில்லை. கடைசியில் அவளையே கேகாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயால் சொல்ல வைத்தேன். கொழுப்புக் கரையும்போது சில பேருக்கு மூச்சில் அப்படி ஒரு வாடை வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் விளக்கினார். கீரையைக் கூட்டச் சொன்னார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், “கொழுப்புக்கு இப்பிடி ஒரு வாடைன்னா, இத்தன வருசமா நான் எதோட குடும்பம் நடத்தியிருக்கேன்?” என்றாள். பஸ் வரும் வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில்தான் கடையில் பிரச்சினை தொடங்கியது. சிங்களக் கிராமத்திலிருந்து வழக்கமாக வரும் ஒரு அம்மா, சம்பா மூட்டைக்குள் கையை விட்டவள் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“முதலாலி பத் கன்னே நெதிலு நேத?”

முதலாளி சோறு சாப்பிடுவதில்லையாமே என்கிறாள். ஆமாம், டாக்டர் சொன்னார், உடம்பு இளைக்க வேண்டும் என்று சிங்களத்தில் விளக்கினேன். அவள் தலையை ஆட்டினாள். மூட்டைக்குள் விட்ட கையை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டாள். பருப்பு மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த சில நாட்களில் அரிசி வியாபாரம் படுத்துவிட்டது. தேங்காய் எண்ணெய், கருவாடு, மிளகாய் எல்லாம் போகிறது, அரிசி மட்டும் அசையவில்லை. சம்பளச் சனிக்கிழமையும் வந்தது. தோட்டத்துப் பெண்கள் கடை முன்னால் வந்து நின்றார்கள், ஆனால் சாக்கை நீட்டவில்லை. திருவிழா அன்று என்னைத் தள்ளிவிடவா என்று கேட்ட அந்த வாய்க்காரிதான் விஷயத்தை உடைத்தாள்.

“கோவிச்சிக்காதீங்க மொதலாளி. அரிசியில என்னமோ மருந்து கலந்து வந்திருக்காம். அதான் மொதலாளியே திங்கிறதில்லயாம், மெலிஞ்சிக்கிட்டே வாறாராம். லயத்து வீடுகள்ல எல்லாரும் அதத்தான் பேசிக்கிறாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாச்சத்து என்றேன், முழங்கால் என்றேன், கொழுப்பு என்றேன். அவர்கள் என் முகத்தையும் தொங்கிய சட்டையையும்தான் மாறி மாறிப் பார்த்தார்கள். பேசப் பேச எனக்கே நான் பொய் சொல்வது போலக் கேட்டது.

உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி வெளியே வந்தாள். கையில் ஒரு சுளகு. திறந்திருந்த நாட்டரிசி மூட்டையிலிருந்து, எல்லோரும் பார்க்க, இரண்டு சுண்டு அள்ளினாள். அங்கேயே நின்று புடைத்தாள்.

“யாரும் போயிறாதீங்க. ஒலை வச்சாச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒருத்தரும் போகவில்லை. அந்தச் சிங்களக் கிராமத்து அம்மாவும் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டாள். கடை வாசலில் ஒரு சின்னக் கூட்டம். சோறு வேகும் மணம் பின்கட்டிலிருந்து மெல்ல மெல்ல வந்தது. இரண்டு மாதத்துக்கு மேலாக நான் வாயில் வைக்காத சோறு. நான் கையைக் கழுவிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

கல்லாப்பெட்டியை ஒதுக்கிவிட்டு மனைவி சோற்றுப் பீங்கானை என் முன்னால் வைத்தாள். ஆவி பறக்கும் சிவப்புச் சோறு, ஒரு துண்டு மீன், தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டிய ஒரு பெரிய குவியல் வல்லாரை மல்லுங்.

“சாப்புடுங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

முதல் கவளத்தை வாயில் போட்டேன். இதை எப்படிச் சொல்வது? மீன் மீனாயிற்று, குழம்பு குழம்பாயிற்று. இரண்டு மாதமாகத் தனித்தனியாகக் கிடந்ததெல்லாம் ஒன்று சேர்ந்து ஒரு சாப்பாடாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். கண்ணைத் திறந்தபோது பத்துப் பதினைந்து பெண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்பிடி மொதலாளி இருக்கு?” என்றாள் வாய்க்காரி.

“அமிர்தம்” என்றேன்.

“அப்ப எனக்கு வழக்கமா போடுற மாதிரி போடுங்க.”

அன்று மாலைக்குள் இரண்டு மூட்டை காலியானது. நான் அதைப் பார்க்கவில்லை. சாப்பிட்ட கையோடு மூட்டைகளின் மேல் சாய்ந்தவன் விளக்கு வைக்கும்போதுதான் எழுந்தேன்.

அதோடு நிற்கவில்லை. திங்கட்கிழமையும் யாரோ ஒருத்தி சரியாகப் பகல் வேளையில் வந்து எட்டிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை வேறொருத்தி. நம்பிக்கை ஒரு நாளில் வந்துவிடாது, தினமும் கடை முன்னால் உட்கார்ந்து சோறு தின்றாக வேண்டும் என்று புரிந்தது. பழைய சோற்று மலையைப் பார்க்க ஆசையோடு உட்கார்ந்தேன். மனைவி வைத்ததோ சின்னப் பீங்கான். அடியில் ஒரு கைப்பிடிச் சோறு, அதை மூடிக் கீரையும் போஞ்சியும் குவியலாக. தூரத்திலிருந்து பார்த்தால் முழுச் சாப்பாடு.

“இன்னும் கொஞ்சம் போடேன்.”

“அவங்களுக்குச் சோறு தெரிஞ்சா போதும். ஒங்களுக்கு அதுவே போதும்.”

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“ரெண்டு மூண்டு இறாத்தல் உடனே கூடும், அது அந்தத் தண்ணிதான், பயப்படாதேங்கோ” என்றார். “முழுக்க விட்டா கெதியா மெலியலாம், ஆனா கனகாலம் அப்பிடி இருக்க ஆக்களால ஏலாது. உங்கட மனிசி போடுற அளவு சரி. அதை ஆயுசுக்கும் சாப்பிடலாம்.”

அவர் சொன்னபடியே நடந்தது. கொஞ்சம் ஏறியது, பிறகு நின்றது. பழைய பருமனுக்குத் திரும்பவும் இல்லை, அந்த இரண்டு மாதத்தில் கண்ட மெலிவுக்குப் போகவும் இல்லை. வாயின் அன்னாசி வாடை போனது. கோபம் போனது. நிறுத்துப் போடும் ஆள், மனைவி எனக்கு மறுபடி சோறு வைத்த நாளைத் தன் வாழ்வின் நல்ல நாள் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

இதற்கிடையில் யாரும் கவனிக்காத ஒன்று நடந்திருந்தது. தீபாவளிக்குச் சட்டை தைக்க அளவு எடுத்த தையல்காரி, என் மனைவியின் பழைய அளவைப் பார்த்துவிட்டு அளவு நாடாவை மறுபடி சுற்றிப் பார்த்தாளாம். வீட்டுக்கு வந்த மனைவி, இடுப்பு அளவு கூடிவிட்டது என்று என்னிடம் பாய்ந்தாள்.

“எல்லாம் ஒங்களாலதான். பழக்க தோசத்துல ஒங்களுக்கும் சேத்துத்தான் அரிசி போட்டேன். மிச்சத்தக் கொட்ட மனசு வருமா? ஒங்க பங்கயும் நாந்தான தின்னேன்!”

“டாக்டர் கிட்ட போவோமா?” என்றேன்.

“கசிப்பு வாடையோட திரியவா?” என்றாள். டாக்டரும் இல்லை, முட்டையும் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்தி, கடித்துக் குடிக்க ஒரு துண்டுக் கருப்பட்டி வைத்துக்கொண்டாள். உலையில் ஒரு சுண்டு குறைத்தாள். சந்தைக்குப் பஸ்ஸை விட்டு நடக்க ஆரம்பித்தாள். பொங்கலுக்குள் பழைய சட்டைகள் அவளுக்குச் சரியாக வந்துவிட்டன. எனக்கு இரண்டு மாதப் பட்டினியில் கிடைத்ததை அவள் போகிற போக்கில் எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றி இன்றுவரை அவள் பெருமை பேசாத நாள் குறைவு.