டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்

இல்லை, நீங்கள் டிவியில் கேட்டது அவர் குரல் இல்லை. முகம் மட்டும்தான் அவருடையது.

அவர் இறந்த செய்தி எனக்குச் சென்னையில், பல்கலைக்கழக வகுப்பறை வாசலில் வந்தது. நைனா போனில் அதிகம் பேசவில்லை. "சித்தப்பா பூட்டாரும்மா." நடிகர் கோதண்டம் அவர்கள், என் தந்தையான நைனாவின் தம்பி. நீதிபதி, டாக்டர், பெண்ணைப் பெற்றவர் என்று சினிமாவிலும் சீரியலிலும் நீங்கள் பார்த்த அகன்ற நெற்றிக்காரர். பெயர் தெரிந்திருக்காது.

செஞ்சிக்குப் பஸ்ஸில் வரும்போது நான் அழவில்லை. கோபமாக இருந்தேன். இப்போதும்.

சித்தப்பா லாரிக்கு பாடி கட்டும் ஷெட்டில் வேலை பார்த்தவர். ராஜகிரிக் கோட்டையில் படப்பிடிப்பு நடந்தபோது வேடிக்கை பார்க்கப் போனார். இன்ஸ்பெக்டராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. சித்தப்பாவின் உயரத்தைப் பார்த்துக் காக்கிச் சட்டையை மாட்டிவிட்டார்கள். "யார் நீ?" என்பது வசனம். "இன்னா ஆளு நீ?" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. உதவி இயக்குநர் சொன்னார்: "விடுங்க, டப்பிங்ல பாத்துக்கலாம்."

வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டார்கள்.

படம் செஞ்சிக்கு வந்தது. தெருவே தியேட்டருக்குப் போனது. திரையில் அவர் வாயைத் திறந்தார், வேறு யாரோ பேசினார். இடைவேளையில் டீக்கடைக்காரர் கேட்டாராம்: "இன்னா கோதண்டம், ஜல்பு புடிச்சி கொரலு மாறிக்கிச்சா?" எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் சித்தப்பாதான் என்பார் நைனா.

கடைசி சீரியலில் நீதிபதி வேடம். ஒரு முறையாவது சொந்தக் குரலில் பேச விடுங்கள் என்று இயக்குநரிடம் கேட்டார்.

"ஜட்ஜ் இப்படிப் பேசமாட்டாரு சார்."

"ஏன், எங்க ஊர்ல ஜட்ஜ் ஆவமாட்டாங்களா?"

 இயக்குநர் ஒரு காட்சிக்கு மட்டும் சம்மதித்தார். சித்தப்பா டப்பிங் அறையில் ஒரு மதியம் முழுக்க நின்று பேசிவிட்டு வந்தார். அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று எங்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நீதிபதி தீர்ப்பை வாசிக்க ஆரம்பித்தார். வழக்கமான அந்த டப்பிங் குரல். வழவழப்பான, எந்த ஊரும் இல்லாத குரல்.

சித்தி ரிமோட்டைத் தேடினார். "வுடு, நல்லாத்தான் பேசறாரு" என்றார் சித்தப்பா.

அந்தப் பெருந்தன்மையை இன்று எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அதன் மேலும் கோபம். அது யாருக்கு வசதியாக இருந்தது? பல்கலைக்கழகத்தில் எங்கள் பேச்சை வட்டார வழக்கு என்று மரியாதையோடு நடத்துகிறார்கள். ரவுடிக்கும் வேலைக்காரருக்கும் என்றால் சீரியலும் அதை அனுமதிக்கும். நாற்காலியில் உட்காருகிறவருக்குக் கிடையாது.

அவர் இறந்த வாரமே திரையில் வந்தது: இவருக்குப் பதில் இவர். புதியவர் நீதிபதியின் இடத்தில் உட்கார்ந்து பேசினார். அதே குரல். பார்க்கிறவர்களுக்கு யாரும் சாகவில்லை.

நேற்று செஞ்சியில் படத்திறப்பு. மண்டபத்தில் திரை கட்டி அவர் நடித்த காட்சிகளைப் போட்டார்கள். ஸ்பீக்கரில் அந்தக் குரல் முழங்கியது. சித்தி தலையைக் குனிந்துகொண்டார். நான் மைக்செட்காரரிடம் போனேன்.

"சவுண்ட நிறுத்துங்கண்ணா."

"அப்புறம் ஊமப் படமாட்டம் இருக்குமேம்மா."

"இருக்கட்டும்."

என் போனில் சித்தப்பா எப்போதோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருந்தது. அதை மைக்கில் வைத்தேன்.

"ஏம்மா, பஸ் ஏறிட்டியா? திண்டிவனத்துல எறங்கிடாத, அது நேரா செஞ்சி வருது. நான் பஸ் ஸ்டாண்டாண்ட நிக்கறேன். இன்னா, சாப்டியா?"

திரையில் நீதிபதி வாயசைத்துக்கொண்டிருந்தார்.  "இன்னொரு வாட்டி போடு" என்றார் சித்தி. போட்டேன்.

போய் வாருங்கள், சித்தப்பா.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு, சித்தியின் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.