கார்டு வந்தது, மகள் வரவில்லை

மாலை ஐந்தே முக்கால் மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்ற பெண்ணின் கையில் என் மகளின் துணிப்பை இருந்தது. மகள் இல்லை.

இது நடந்தது 1998 ஆடி மாதம், ராஜபாளையத்தில். மகள் அப்போது மதுரையில் நூலகவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதப் பயிற்சிக்காக ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போய்வந்தாள். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். மர இழுப்பறைகளில் கம்பியில் கோத்திருந்த பழைய புத்தகக் கார்டுகளை எல்லாம் அதில் ஏற்றும் வேலை. பாதிக் கார்டுகள் கையால் எழுதியவை, மை மங்கிப்போனவை. அவற்றை நூலகரிடம் கேட்டு, வரிசை கலையாமல் நூலால் கட்டி வீட்டுக்கு எடுத்து வருவாள். நான் பூதக்கண்ணாடி வைத்து வாசிப்பேன். அவள் தெளிவாக எழுதிக்கொள்வாள். நான் எதையாவது தப்பாக வாசித்தால், "அப்படி ஒரு புஸ்தகம் இருந்தா நானே முதல்ல படிப்பேன்மா" என்று சிரிப்பாள். டி.வி. பக்கம் போகவே தோன்றாது எனக்கு.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரோட்டத்துக்கு முந்தின நாள். அந்தப் பக்கம் பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது.

வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நெற்றியில் கோயில் குங்குமம், கை நிறையப் புது வளையல். பையிலிருந்து பல்கலைக்கழக நூலக அட்டையை எடுத்து நீட்டினார். முன்னால் மகளின் போட்டோ, பின்னால் எங்கள் விலாசம்.

"இந்தப் பிள்ளை ஒங்க பிள்ளைதானக்கா? வந்துருச்சா?"

"இல்லையே. பை எப்படி உங்ககிட்ட?"

"வில்லிபுத்தூர்ல பஸ் ஜன்னல் வழியா எம் பக்கத்துச் சீட்டுல போட்டுச்சு. 'அத்தை, பாத்துக்கோங்க, வாரேன்'னு படிக்கட்டுப் பக்கம் ஓடுச்சு. பொறவு ஆளையே காணோம்."

எங்கள் பக்கம் சீட் பிடிப்பது இப்படித்தான். துண்டோ பையோ உள்ளே விழுந்துவிட்டால் இடம் நமது. அப்புறம் நிதானமாக முண்டியடித்து ஏறலாம். அந்த நெரிசலிலும் வழிநெடுக அந்த இடத்தில் யாரையும் இவர் உட்காரவிடவில்லையாம்.

"ஒருத்தன் சண்டைக்கே வந்துட்டான்க்கா. 'பைக்கா டிக்கெட்டு எடுத்துருக்கு?'ன்னு கேக்கான். 'பிள்ளை பின்னாடி நசுங்கிப்போய் நிக்குது, வரும்லே, செத்த நேரம் பொறு'ன்னு சத்தம் போட்டேன். இங்க வந்து அம்புட்டுப் பேரும் இறங்குன பொறவு பாத்தா, பிள்ளை இல்ல."

படிக்கட்டுப் பக்கம் ஓடியவள் ஏறவில்லை. அப்படியானால் பஸ் நகர்ந்தபோது எங்கே இருந்தாள்? படியில் ஒரு கால் வைத்திருந்தாளா? கூட்டம் தள்ளிவிட்டதா? பின்சக்கரம் என்ற நினைப்பு வந்ததும் அதற்கு மேல் யோசிக்கப் பயந்து தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். கல்லூரியில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. கணவர் மில்லில் ஷிப்டில் இருந்தார். நானே புறப்படுவதென்று பஸ் நிலையம் பக்கம் திரும்பியபோது, பின்னாலேயே வந்திருந்த அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அங்க போவீய, பிள்ளை இங்க வரும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கிட்டே இருப்பீயளா? வீட்டுக்கு வாங்க."

அவர் இங்கே பஸ் மாறித் தேவதானம் கிராமத்துக்குப் போக வேண்டியவர். பஸ் போய்விடுமே என்றேன்.

"போகட்டும். பிள்ளை மொகத்தைப் பாக்காம வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்குமா?"

வீட்டில் அவரே அடுப்படிக்குள் போய்க் காப்பி போட்டார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு, கார்டுக் கட்டை எடுத்துப் பார்த்தார். "இம்புட்டு அட்டை எதுக்குக்கா?"

ஒரு கார்டு என்றால் ஒரு புத்தகம், அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று இதைப் பார்த்துத்தான் தெரியும் என்றேன்.

"அப்ப ஒரு லைப்ரரியையேல்லா தூக்கி பஸ்ஸுக்குள்ள போட்டுருக்கு!"

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே, சிரிக்கிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுகை வந்தது. வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து நின்றோம். பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், யாரோ, யாரோ.

தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில் மகள் வந்தாள். பின்னல் அவிழ்ந்து, ஒரு காலில் செருப்பில்லாமல். படியில் கால் வைக்குமுன் கூட்டம் அவளை வெளியே தள்ளியிருக்கிறது. பஸ் பின்னால் ஓடியிருக்கிறாள், செருப்பு போயிருக்கிறது, அடுத்த பஸ்ஸில் இடம் கிடைக்காமல் அதற்கும் அடுத்ததில் வந்திருக்கிறாள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. உள்ளே நுழைந்தவள் என் தோளில் விழுந்து, "காலேஜ் கார்டெல்லாம் போச்சும்மா, சார்ட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்றுதான் தேம்பினாள்.

நான் அவள் கையை, காலை, முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொன்னது பின்னாலிருந்து அந்தப் பெண்தான்.

"ஏட்டி, ஒங் கார்டு எப்பவோ வந்து காப்பியும் குடிச்சிட்டு உக்காந்துருக்கு. நீதான் லேட்டு!"

இன்றும் பஸ்ஸில் ஆளில்லாத சீட்டில் ஒரு பை கிடந்தால், அதற்கு உரியவர் ஏறிவிட்டாரா என்று கண்ணால் பார்க்காமல் என்னால் நிம்மதியாக உட்கார முடிவதில்லை.