வேதசிரோமணி வைத்தியம் கேட்கிறார்

“அக்கா, பயலுக்கு மத்தியானத்திலேருந்து வயிறு ஒரு மாதிரியா உப்பிக்கிட்டு இருக்கு. என்ன பண்ணலாம்?”

கேட்டுக்கு வெளியே நின்றபடிதான் கேட்பார் வேதசிரோமணி. ரயிலில் கசங்கிய வெள்ளைச் சட்டை, ஒரு கையில் ஆபீஸ் பை, மறு கையில் இரண்டு வயதை எட்டப்போகும் மகன் ஜெபசீலன். உள்ளே படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் கனகவல்லி கையை உதறிவிட்டு நிமிர்வாள். அவளுடைய மகள் ரமாவுக்கும் அதே வயதுதான். ரமா படியை விட்டு இறங்காதபடி தாயின் ஒரு கை எப்போதும் அவள் பாவாடையைப் பிடித்திருக்கும்.

“உப்புசமா? நேத்து உருளைக்கிழங்கு குடுத்தீங்களா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்! பெருங்காயத்தை வெந்நீர்ல குழைச்சுத் தொப்புளைச் சுத்திப் பத்துப் போடுங்க. ஓமத் தண்ணி வெச்சு ரெண்டு பாலாடை அளவு புகட்டுங்க.”

“ஓமத்தை வறுக்கணுமா அக்கா, பச்சையாப் போடணுமா?”

“பச்சையாவா! நல்லாப் போட்டீங்க போங்க. வறுத்து, பொரிஞ்சு வாசனை வரச்சே தண்ணி ஊத்தணும்.”

இந்த இரண்டாவது கேள்வியில்தான் அவருடைய சாமர்த்தியமெல்லாம் இருக்கிறது. முதல் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம். இரண்டாவது கேள்வி கேட்டுவிட்டால் யாராலும் போக முடியாது. கனகவல்லி பேசிக்கொண்டே இருப்பாள். குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். ரமாவும் அவனும் கம்பிகளின் ஊடே ஒருவரை ஒருவர் அளந்துகொள்வார்கள்.

குழந்தையின் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. மத்தியானம் ஒரு கிண்ணம் ரசஞ்சாதம் தின்று, தூங்கி எழுந்து, ஒரு வாழைப்பழத்தையும் முடித்துவிட்டுத்தான் அப்பாவின் கைக்கு வந்திருக்கிறான்.

கிழக்குத் தாம்பரத்தில் அந்தத் தெருவின் கோடி வீட்டில் ஒரு போர்ஷன் வேதசிரோமணியுடையது. கதவில் ‘எம். வேதசிரோமணி, பி.ஏ.’ என்று கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. திருநெல்வேலிச் சீமையில் அவருடைய வம்சத்தில் அந்த இரண்டு எழுத்துக்களை வாங்கிய முதல் ஆள் அவர். பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. பலகை மாட்டிய புதிதில் தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் தந்தி வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பண்டிகைக்குப் பலகாரத் தட்டுகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்வரும்.

அதெல்லாம் அவருடைய மனைவி தபீதாள் சானடோரியத்தில் படுக்கும் வரைக்கும்தான். குழந்தைக்கு ஒரு வயது கழிந்த சமயத்தில் அவளுக்கு மார்பில் காசநோய் கண்டது. அன்றிலிருந்து தெருவில் யாரும் அவரை ஏசவில்லை, போ என்று சொல்லவில்லை. அவர் வருவது தெரிந்தால் வாசலில் நிற்பவர்களின் வேலை சட்டென்று முடிந்துபோகும். குழந்தைகள் உள்ளே கூப்பிடப்படுவார்கள். தட்டுகள் அவர் வீட்டுக்கு முந்தின வீட்டோடு திரும்பிவிடும்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் அவரே கொல்லையில் நின்று, சட்டையைத் தனியாக முக்கி, தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் மகனைத் தொடுகிறார். தான் பயப்படுகிற ஒன்றுக்குப் பிறத்தியார் பயப்படக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது?

பகலெல்லாம் குழந்தை ரயில்வே லைனை ஒட்டிய குடிசையில் அஞ்சம்மாளிடம் இருக்கிறான். அவளுக்கு எந்தப் பயமும் இல்லை. “இன்னா சார், சீக்கு ஓடியாந்து என்னைப் புடிச்சிக்குமா? எங்கிட்ட புடிச்சிக்க இன்னா கீது?” என்று சிரிப்பாள். ஆனால் அவள் வேலைக்காரி. அவளுக்கு ஆயிரம் ஜோலி. பையன் கேட்பதெல்லாம் ரயில் சத்தம்தான். அவனுக்கு நன்றாக வந்த முதல் வார்த்தை ‘ரயிலு’.

மனிதர்கள் அவனைப் பார்த்துப் பேச வேண்டும். அதற்கு என்ன வழி? வேதசிரோமணி தற்செயலாகத்தான் அதைக் கண்டுபிடித்தார். ஒரு நாள் நிஜமாகவே குழந்தைக்குச் சேற்றுப்புண் வந்து, என்ன போடுவது என்று கனகவல்லியிடம் கேட்டார். உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் என்று ஆரம்பித்தவள் தன் பெண்ணுக்கு வந்த சிரங்கு வரைக்கும் போய்த்தான் ஓய்ந்தாள். ‘சௌக்கியமா’ என்று கேட்டால் தலையாட்டிவிட்டு உள்ளே போகிற ஜனம், ‘குழந்தைக்குச் சரியில்லை’ என்றால் போவதில்லை.

அன்றிலிருந்து சாயங்காலம் தோறும் ஒரு சீக்கு. ஆளுக்குத் தகுந்த சீக்காகவும் இருக்கும். கனகவல்லிக்கு வயிற்றுக் கோளாறு. பத்திரிகைகள் படிக்கும் எதிர் வீட்டுச் சரோஜினிக்குப் பசியின்மை. “டோன்ட் வொர்ரி சார், வைட்டமின் பத்தாது. காரட்டை வேக வெச்சு மசிச்சுக் குடுங்க” என்று ஜன்னல் வழியாகவே ஒரு பாடம் நடத்துவாள்.

தெருவில் எல்லாரையும் விட ராஜகோபாலனைத்தான் அவருக்கு மிகவும் பிடிக்கும். கணக்கு ஆபீஸில் உத்தியோகம். சாயங்காலத்தில் ஹோமியோபதி. அவருடைய கடைக்குட்டிக்கு மூன்று வயது. அவன் மேல்தான் மருந்துகளெல்லாம் பரீட்சிக்கப்படுகின்றன. அவர் மருந்து தருவதற்கு முன் கேள்வி கேட்பார்.

“தூங்கறச்சே எந்தப் பக்கம் படுக்கறான்? இடதா, வலதா?”

“ரெண்டு பக்கமும் உருளுதான் சார்.”

“அப்படிச் சொன்னா எப்படி ஓய்? எதுல ஜாஸ்தி? பௌர்ணமிக்கு அழறானா? புளிப்பு கேக்கறானா?”

“பாத்துச் சொல்லுதேன் சார்.”

“பாக்கணும் ஓய். பி.ஏ. படிச்சவர் நீர், நீரே கவனிக்கலேன்னா?”

இது அரை மணி நேரத்துக்குக் குறையாது. முடிவில் மதில் மேல் பொட்டலத்தை வைத்துவிட்டு ஓரடி பின்வாங்குவார் ராஜகோபாலன். அவர் பின்வாங்கிய பிறகு வேதசிரோமணி முன்னால் போய் எடுத்துக்கொள்வார். அந்தச் சீனி உருண்டைகளை அப்பனும் மகனும் வீடு போய்ச் சேருவதற்குள் பங்கிட்டுத் தின்றுவிடுவார்கள்.

ஒரே ஒரு தடவை பிசகிவிட்டது. சரோஜினியிடம் மலச்சிக்கல் என்றும் கனகவல்லியிடம் வயிற்றுப்போக்கு என்றும் ஒரே சாயங்காலத்தில் சொல்லிவிட்டார். மறுநாள் அவரும் நின்றிருந்த ரேஷன் கடை க்யூவில் இருவரும் பேசிக்கொண்டார்கள். “ஏன் சார், அது குழந்தை வயிறா, முனிசிபாலிடிக் குழாயா? ஒரு தெருவுக்கு வருது, அடுத்த தெருவுக்கு வரலைங்கறீங்க!” என்று கனகவல்லி கேட்டதில் க்யூவே சிரித்தது. வேதசிரோமணியும் சிரித்தார். தெருவோடு சேர்ந்து சிரித்து வெகு நாளாகியிருந்தது. அதற்குப் பிறகு தெரு முழுவதுக்கும் ஒரு நாளைக்கு ஒரே சீக்கு என்று வைத்துக்கொண்டார்.

எத்தனையோ சீக்குகளைக் கூசாமல் கற்பித்தவர், இரண்டை மட்டும் வாயில் எடுக்கமாட்டார். காய்ச்சல் ஒன்று, இருமல் ஒன்று. மற்ற வீட்டுக் குழந்தைகளுக்கு அவை சாதாரணம். அவர் வீட்டுக் குழந்தைக்கு அந்த வார்த்தைகளின் அர்த்தம் வேறு.

தெரு சொன்ன வைத்தியங்களில் ஒன்றைக்கூட அவர் செய்ததில்லை. செய்வதெல்லாம் தபீதாள் சொல்வதைத்தான். குழந்தைகளைச் சானடோரியத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் அவர் தனியாகப் போவார். அவள் கட்டிலில் சாய்ந்து, முந்தானையை வாயருகே பிடித்தபடி ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

“நகத்தை வெட்டினீங்களா? தூங்கும்போது வெட்டுங்க. முழிச்சிருந்தா கையை இழுத்துக்கிடுவான்.”

“வெட்டிட்டேன்.”

“அம்மான்னு சொல்லுதானா?”

“சொல்லுதான்.”

சொல்கிறான்தான். அஞ்சம்மாளைப் பார்த்துச் சொல்கிறான். அதை அவர் சொல்வதில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரு நாள் அவர் குழந்தையை வாங்கப் போனபோது அஞ்சம்மாள் வாசலிலேயே நின்றாள். “சார், புள்ள காலம்பறலேர்ந்து கொக்கு கொக்குனு இருமிக்கினே கீது. மழைல வுடல சார், சத்தியமா.” அவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். “இன்னாத்துக்கு மூஞ்சி இப்டிச் செத்துப் போவுது? புள்ளன்னா இருமாதா?”

துண்டை எடுத்துக் குழந்தையின் முகத்தோடு சேர்த்துச் சுற்றினார். தெருவில் தலை குனிந்து வேகமாக நடந்தார்.

“சார்! இன்னிக்கு என்ன, ஒண்ணும் இல்லையா?” என்றாள் கனகவல்லி.

“ஒண்ணும் இல்லைக்கா. நல்லா இருக்கான்.”

“நல்லாவா?” என்று கேட்டாள். அவளுடைய குரலில் சற்று மனத்தாங்கல் இருந்தது.

கற்பூரவல்லி, துளசி, மிளகுக் கஷாயம், நெஞ்சில் தேய்க்கக் கற்பூரம் போட்ட எண்ணெய் என்று இருமலுக்கு இந்தத் தெரு ஒரு வண்டி வைத்தியம் சொல்லியிருக்கும். நிஜமாகவே யாரையாவது கேட்டாக வேண்டிய இந்த ஒரு சமயத்தில் அவரால் யாரையும் கேட்க முடியவில்லை. தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். குழந்தை இருமத் தொடங்கும்போதெல்லாம் பித்தளை வாளியின் பிடியைத் தூக்கித் தூக்கிப் போட்டார். “பி.ஏ. சார் வாளிக்கு ஈயம் பூசுறாரா?” என்று பக்கத்துப் போர்ஷனில் யாரோ கேட்டது காதில் விழுந்தது.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் குரோம்பேட்டையில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் ஜெபசீலனைத் தூக்கிக்கொண்டு போனார். தாயைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் குழந்தையின் முன்கையில் தோலுக்கடியில் ஒரு துளி மருந்தைக் குத்தி, பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “வெள்ளிக்கிழமை வாங்க. வட்டத்துக்குள்ள தடிச்சு வீங்கினா மேல பாக்கணும்.”

வியாழக்கிழமை அவர் ஆபீஸில் கூட்டிய தொகைகளெல்லாம் தவறின. மனைவிக்கு வாரா வாரம் போடும் கார்டில் ‘பையன் சுகம்’ என்று எழுதி, தபாலில் போடாமல் பையிலேயே வைத்துக்கொண்டார். சாயங்காலம் குழந்தையை மடியில் போட்டு அந்த வட்டத்தைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. சிவந்திருக்கிறதா, விளக்கு அப்படிக் காட்டுகிறதா என்று கேட்கப் பக்கத்தில் யாரும் இல்லை. குழந்தையையே கேட்டார்: “ஏலே, வலிக்கா?” குழந்தை “ரயிலு” என்றான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் கட்டைவிரலால் வட்டத்தின் மேல் ஒரு முறை தேய்த்தார். அவ்வளவுதான். “ஒண்ணும் இல்லையே சார். வெறும் மழைச் சளி.”

“நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?”

“நீங்களே தடவிப் பாருங்க.”

தடவினார். வழவழவென்று இருந்தது.

திரும்பும் ரயிலில் சானடோரியம் ஸ்டேஷன் வந்தது. வேதசிரோமணி குழந்தையோடு வாசலில் நின்று மரங்களைப் பார்த்தார். இறங்கிப் போய்ச் சொல்லலாமென்றால், பயந்த விஷயத்தையே தபீதாளிடம் சொல்லியிருக்கவில்லை. ஆபீஸிலும் சொல்லவில்லை, தெருவிலும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய நல்ல சேதியைக் கேட்டுச் சந்தோஷப்பட ஊரில் ஓர் ஆள் இல்லை. ரயில் கிளம்பிவிட்டது.

தெருவில் மழை விட்டிருந்தது. கனகவல்லி வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் படியில் நின்றிருந்தாள். ரமா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக அந்த இடத்தில் ஜெபசீலனுக்கு இருமல் வந்தது. மறைக்கத் துண்டும் இல்லை, வாளியும் இல்லை. அடிவயிற்றிலிருந்து, முகம் சிவக்க, தெரு முழுவதும் கேட்கும்படி இருமினான்.

கனகவல்லி இரண்டே எட்டில் வந்து பெண்ணை வாரி எடுத்துக்கொண்டு படிக்குத் திரும்பினாள். வாசற்படியில் ஏறியவள் அங்கேயே நின்றாள். உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

“இருமல் அக்கா,” என்றார் வேதசிரோமணி. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து இந்தத் தெருவில் முதல் தடவையாக வந்தது. “அஞ்சாறு நாளா இருக்கு. என்ன குடுக்கலாம்?”

அவள் திரும்பாமலே ரமாவைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டாள். ரமா தாயின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“கற்பூரவல்லி…” என்று மெதுவாக ஆரம்பித்தாள் கனகவல்லி. “இலையை வாட்டி… சாறு புழிஞ்சு…” அதோடு நின்றுவிட்டது. அவளுடைய ஒரு கை கதவின் மேல் இருந்தது.

“தேன் விடணுமா அக்கா?” என்று கேட்டார்.

 வேதசிரோமணி ஆபீஸ் பையை ஈரத் தரையிலேயே வைத்தார். மகனுடைய சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டார். அழிந்தும் அழியாமலும் மை வட்டம் இருந்த அந்தச் சின்னக் கையைக் கேட்டுக்கு மேலாக உள்ளே நீட்டி, வாசல் விளக்கின் வெளிச்சம் அதன் மேல் நன்றாக விழும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார்.