ஆதாரம்: என் அண்ணன்

அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு ஓட்டை. முட்டை வடிவம், கட்டைவிரல் நுழையும் அளவு. பல நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோல் தாளில் லத்தீன் எழுதிய துறவி, ஓட்டை வந்த இடத்தில் நிறுத்தி, அதைத் தாண்டிப் போய்த் தொடர்ந்திருந்தார். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அதை என் முன்னால் வைத்து, "உன் கருத்தை எழுது" என்றார் பேராசிரியை. நான் திருதிருவென்று விழித்தேன்.

வேலூரில் தோல் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கலாம் என்றார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். நான் சேர வேண்டிய வேதியியல் வகுப்பு ஜெர்மன் மொழியில் மட்டும்தான் நடக்கும் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஆங்கில வகுப்புகளில் இடம் மிச்சமிருந்தது ஒன்றில்தான்: பழைய கையெழுத்துப் பிரதிகளின் வரலாறு. தேறாவிட்டால் ஊருக்கு வந்து அந்தப் பருவத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். கூட இருந்தவர்கள் எழுத்தின் சாய்வைப் பார்த்தே நூற்றாண்டைச் சொன்னார்கள். கருத்து என்றால் என்ன எழுதுவது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் கல்லூரியில் விடைதான் கேட்பார்கள், கருத்தை யாரும் கேட்டதில்லை.

பேசாமல் அதைப் படம் எடுத்து ஆம்பூரில் இருந்த அண்ணனுக்கு அனுப்பினேன். தோல் பதனிடும் டேனரியில் செலக்‌ஷன் மேசை அவனுடையது. ஒவ்வொரு தோலாகப் புரட்டி, குறை பார்த்து, தரம் பிரிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டான். எனக்கு அப்போதுதான் காலை.

"இன்னா பாப்பா, ரிஜெக்ட் தோல போட்டோ எடுத்து அனுப்பிக்கிறே? வெள்ளாடு இது. உரிச்சவன் அவசரத்துல கத்தியப் போட்டுட்டான். சின்ன வெட்டுதான். இழுத்துக் கட்டிக் காய வெச்சப்போ வாயத் தொறந்துக்கிச்சு."

"அப்புறம் ஏன்ணே இதுல எழுதினாங்க?"

"நல்ல தோலு கம்மியா இருந்திருக்கும். நான் இன்னா கூட இருந்து பார்த்தேனா?"

அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். போதாக்குறைக்கு, செலக்‌ஷன் மேசை வழக்கப்படி கட்டுரையின் தலையில் 'மூன்றாம் தரம்' என்றும் போட்டுவிட்டேன். அந்த நூலகம் பூட்டிப் பாதுகாக்கும் பொக்கிஷம் அது! பேராசிரியை இரண்டு முறை படித்தார். கோபமா, சந்தோஷமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் பென்சிலால், "இதற்கு ஆதாரம் யார்? இல்லாமல் ஏற்க முடியாது" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்களின் ஆதாரங்கள் எல்லாம் முனைவர்கள். 'ஆம்பூரைச் சேர்ந்த தோல் நிபுணர்' என்று அடித்தேன், அழித்தேன். 'சொந்த அனுபவம்' என்று அடித்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது. கடைசியில் அவனையே கூப்பிட்டேன்.

"உன் பேரப் போடணுமாம்ணே. படிப்பு இன்னான்னு போடறது?"

"ஒம்பதாவது ஃபெயிலுன்னு போடு. பொய் இன்னாத்துக்கு?"

அப்படியே போட்டேன். தேறிவிட்டேன். ஆனால் நான் படித்தது வரலாறா தோலா, அந்த மதிப்பெண் எனக்கா அவனுக்கா என்று யோசித்தால் இன்றைக்கும் குழப்பம்தான் மிஞ்சுகிறது. இப்போது ஒரு காலணித் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே யாரும் கருத்துக் கேட்பதில்லை. அது நிம்மதியா, குறையா என்றும் தெரியவில்லை.

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது அந்தக் கட்டுரை அகப்பட்டது. அண்ணன் இதுவரை அதைப் பார்த்ததே இல்லை. கடைசிப் பக்கத்து ஆதாரப் பட்டியலைக் காட்டினேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். மேலிருந்து ஒவ்வொரு பேராக விரல் வைத்து வந்து, முனைவர்களுக்கு நடுவே தன் பேரில் நின்றான். பிறகு மேலேயும் கீழேயும் இருந்த பேர்களை மரியாதையோடு இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டான்:

"இவங்கள்லாம் எந்த டேனரி பாப்பா?"