அக்கா பேசாதிருந்த ஆறு ஆண்டுகள்

இந்த நினைவு மலரின் முகப்பில் நரைத்த தலையும் ஒடுங்கிய கன்னமுமாக இருக்கும் மூதாட்டியைப் பார்த்து, நிறைவாக வாழ்ந்து முடித்தவர் என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். அது எங்கள் அக்கா. படம் எடுத்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. சென்ற ஆண்டு காலமானபோது முப்பத்தெட்டு. நாடக நோட்டீசுக்காக வேடத்தோடு ஸ்டுடியோவில் எடுத்த படம் இது. வேறு படம் எங்களிடம் இல்லை. என் கல்யாணப் படத்தில் இரு வீட்டாரும் இருக்கிறார்கள். அக்கா மட்டும் இல்லை. அதன் காரணத்தை இங்கே எழுதிவிடுவது முறை என்று நினைக்கிறேன்.

பரளச்சியில் மானாவாரிக் காட்டில் வெள்ளாமை பார்த்த சம்சாரி வீட்டில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அவருக்கு ஒன்பது ஆண்டுகள் இளையவள் நான். சிறு வயதில் அம்மை கண்டு அக்காவின் முகமெல்லாம் தழும்பாகிவிட்டது. அவருக்குப் பதினேழு நடக்கும்போது அப்பா தவறிவிட்டார். அந்த வருடமும் அடுத்த வருடமும் மழை இல்லை. கோயில் பொங்கலுக்கு நாடகம் போட வந்த ஆர்மோனியக்காரர் ஒருவர், அக்கா தண்ணீர் சுமந்துகொண்டே பாடியதைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா முதலில் விளக்குமாற்றை எடுத்தார். பிறகு அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தார். அடுத்த வாரமே அக்கா அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினார்.

தழும்பு முகத்துக்கு ராணி வேடம் கிடையாது என்று நாடக ஏஜெண்டு முதல் நாளே சொல்லிவிட்டார். கிடைத்தது தாய் வேடம். தலைக்கு வெள்ளை, நெற்றிக்குக் கரிக்கோடு. மகனாக நடித்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கதாநாயகியை அழைத்துவர பிளஷர் கார் போகும். தாய் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வர வேண்டும். நோட்டீசில் கதாநாயகன், கதாநாயகி படங்கள் பெரிதாக இருக்கும். தாய்க்கு அடியில் ஒரு வரி, அதுவும் ஏஜெண்டு வைத்த பெயர். ஒரே ஒருமுறை கதாநாயகியின் படம் அச்சகத்துக்கு வந்து சேரவில்லை என்று அக்காவின் படத்தைப் போட்டார்கள். முகப்பில் இருப்பது அதுதான். வேர்வையும் அரிதாரமும் சேர்ந்து கன்னமெல்லாம் புண்ணாகும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் அதன் மேலேயே மறுபடி பூசிக்கொள்வார். குடியிருக்க வீடு கேட்டால் நாடகக்காரிக்கு இல்லை என்பார்கள். மில் வேலை என்று சொல்லித்தான் ஓர் அறை பிடித்தார்.

அக்கா குறை சொல்லி நான் கேட்டது ஒன்றே ஒன்று. “செத்த மகனா நடிக்கிறவன் தண்ணியப் போட்டுட்டு வந்து எம்மடியில நெசமாவே தூங்கிர்றான். கொறட்டை விடுற பொணத்துக்கு எப்படிடி அழுகிறது?”

ஆனாலும் அழுதார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக அவர் ஒப்பாரி எடுத்தால் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துச் சம்சாரிகள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒரு விசித்திரம், வேடம் இல்லாமல் அவர் முகம் யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் பந்தல்குடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் கண்டிப்பானவர். நாடகக்காரி பிறந்த வீடு என்று தெரிந்து, தம் தம்பி மகனுக்குப் பேசி முடித்த சம்பந்தத்தையே முறித்தவர். அக்கா என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். பேச்சுவாக்கில் மாப்பிள்ளையின் தாயார், “போன மாசம் எங்க ஊர்ல நாடகம். தாய் வேசம் கட்டுன கெழவி கொரல் இன்னும் காதுக்குள்ளயே இருக்கு” என்றார். அந்த நேரம் பார்த்து அக்கா அவர்களுக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தார். அம்மா பதறிப்போய், “அவளுக்குப் பேச்சு வராது தாயி, பெறவியிலேயே ஊமை” என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகு சொன்னதுதான். அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டார். அடுத்த ஆறு ஆண்டுகள் பந்தல்குடி வீட்டில் அவர் வாய் திறக்கவே இல்லை. கல்யாணத்தன்று படம் எடுக்கிறவர் அவரையும் கூப்பிட்டார். நோட்டீசில் வந்த முகத்தை யாராவது ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, சமையல் பந்தலுக்குள் போய் நின்றுகொண்டார். அவரைக் கூப்பிட்டு நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது, ஆனால் செய்யவில்லை என்பதே உண்மை.

என் வீட்டுக்காரரிடம் மறுமாதமே சொல்லிவிட்டேன். “ஆத்தாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?” என்றார். இரண்டு பேருமே சொல்லவில்லை. மாமியாரை நான் அத்தை என்றும் மாமனாரை மாமா என்றும்தான் அழைப்பேன். அத்தைக்கு அக்காவை ரொம்பப் பிடித்துப்போனது. கேட்டதை வெளியே சொல்ல மாட்டாள் என்ற நம்பிக்கையில், பங்காளிச் சண்டையிலிருந்து மாமாவின் கோபம் வரை எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டுவார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். அத்தை ஆசையாக ஏதாவது கேட்டால், பதிலுக்குக் கையைப் பிடித்து அழுத்துவார். பஸ் ஏற்றிவிட நான் கூடப் போகும்போது, தூத்துக்குடி ரோட்டில் லாரிகள் இரைகிற இடமாகப் பார்த்து, அதுவரை அடக்கிவைத்திருந்த இருமலை இருமிக்கொள்வார்.

பிறகு மாமா காலமானார். அதற்குள் எங்கள் அம்மாவும் போய்விட்டார். சம்பந்தி வீட்டார் இறந்தவருக்குப் போர்த்தக் கோடித்துணி கொண்டுவர வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் வாசலிலேயே ஒப்பாரி எடுத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். இது எங்கள் பக்கத்து முறை. அழுகை இல்லாமல் கோடி வந்தால் இறந்தவருக்கு மரியாதைக் குறைவு. எங்கள் வீட்டுப் பெண் என்று அக்கா ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். கோடியை நெஞ்சோடு அணைத்தபடி வாய் பேசாமல் வாசலில் வந்து நின்றார்.

கூட்டத்தில் ஒருத்தி, “சம்பந்தி வீட்டுல அழுகிறதுக்கு ஒரு வாய் இல்ல பாரு. ஊமைய அனுப்பிவச்சிருக்காக” என்றாள். அத்தை அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். அவர் வாயைத் திறந்தார்.

“கம்பங்காட்டுப் பாதையில காலடியும் மறையலையே,
கைவெதச்ச மண்ணுலதான் கண்ணொறங்கப் போனியளே...”

பறைச்சத்தம் நின்றுவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “இது அந்த நாடகக்காரி கொரல்ல?” என்று யாரோ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அக்கா நிறுத்தவில்லை. முறைப்படி முழுதும் அழுது முடித்து, கோடியைப் போர்த்திவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

காரியம் முடிந்த அன்று பங்காளிகள் கூடி, என்னைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட வேண்டும் என்றார்கள். அத்தை எழுந்து அவர்கள் முன்னால் வந்தார்.

“அவுக உசிரோட இருந்தா அனுப்பியிருப்பாக, நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்” என்றார். “ஆனா அவுகளுக்கு அழுதவளோட தங்கச்சிய நான் எப்படி வாசல விட்டு எறக்குவேன்? போயி வேலையப் பாருங்க.”

பிறகு அக்காவிடம் திரும்பி, “ஏத்தா, அத்தனையும் ஒங்கிட்டத்தான சொன்னேன். ஒரு வார்த்தை பேசணும்னு தோணலையா?” என்று கேட்டார்.

“பேசுனா தங்கச்சிய அனுப்பிருவீகளோன்னு பயமா இருந்துச்சு அத்தை” என்றார் அக்கா. அத்தையிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அதன் பிறகு நான்கு ஆண்டுகள்தான் இருந்தார். மஞ்சள் காமாலை. கடைசி வாரத்திலும் திருச்சுழி நாடகத்துக்கு ஒத்துக்கொண்ட வேடத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி ஏஜெண்டுக்கு ஆளனுப்பினார்.

அந்தக் காலத்தில் எங்களைக் காட்டிக்கொடுக்காத பரளச்சி ஊராருக்கும், அருப்புக்கோட்டையில் அவரைக் கவனித்துக்கொண்ட ஆர்மோனியக்கார அண்ணனுக்கும், நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா இறந்த அன்று வராத உறவினர்களுக்கும் இந்த மலர் அனுப்பப்படும்.

ஒரு நன்றி மீதம் இருக்கிறது. அக்காவைக் கிடத்தியிருந்தபோது எங்களில் யாருக்கும் ஒப்பாரி எடுக்கத் தெரியவில்லை. தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அத்தை பந்தல்குடியிலிருந்து கோடியோடு வந்தார். பாடத் தெரியாதவர், ராகம் நிற்காதவர். அக்கா மாமாவுக்குப் பாடிய அடியையே எடுத்தார், பாதியில் மறந்துபோனார். மறந்த இடத்தில் “எம் மகளே, எம் மகளே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். இருபது வருடங்களாகத் தாயாகவே நடித்த அக்காவை, அன்று அந்த வீட்டில் மகளே என்று அழைத்தவர் அவர் ஒருவர்தான்.