குட் மார்னிங்குக்குத் தடை போட்ட மேனேஜர்

நேற்று மயிலம் பக்கத்தில், மல்லாட்டை வயல் வரப்பில் நின்று ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டேன்!

(ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதால் பாதி மன்னிப்பு ஒற்றைக் காலில்.)

விஷயம் இதுதான்.

திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். என்ன வேலை என்று கேட்டால்தான் வம்பு. விஞ்ஞானிகள் அமைப்பு ஒன்றுக்கு கம்யூனிட்டி மேனேஜர்.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பயிரை ஆராய்ச்சி செய்கிறவர்கள் அறுபது பேர், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குப் போய்ச் சேர வேண்டும். புதிதாக வருகிறவர் கூச்சமில்லாமல் பேச வேண்டும். கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வர வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம்.

என் வீட்டுக்காரர் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்.

"வாட்ஸ்அப் பாத்துக்கினு இருக்கறதுக்கு சம்பளம் வாங்குறா!"

(அவருக்கு விழுப்புரத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அவர் சம்பளமில்லாமலே பார்க்கிறார்.)

இரண்டு மாதம் முன்பு இந்த வேலைக்கென்றே ஒரு ஆன்லைன் பயிற்சி முடித்தேன். சர்டிஃபிகேட் வந்த சூட்டோடு எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சட்டம் போட்டேன். "இனி ஆராய்ச்சி சம்பந்தப்பட்டவை மட்டும். குட் மார்னிங் படங்கள் கூடாது."

யாரை மனதில் வைத்துப் போட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். சகாயமேரி!

மேரி விஞ்ஞானி இல்லை. மயிலம் பக்கத்து சோதனை வயலில் செடியின் உயரம் அளப்பது, பூ எண்ணுவது, குறித்து அனுப்புவது எல்லாம் அவர்தான். என் வயதுதான் இருக்கும். தினமும் காலையில் வயலைப் படம் பிடித்து, மேலே பூப்போட்ட எழுத்தில் "இனிய காலை வணக்கம்" என்று எழுதி குரூப்பில் போடுவார். மழை, பண்டிகை, ஞாயிறு எதற்கும் லீவு கிடையாது.

சட்டத்தைப் பார்த்ததும் "சரிங்க மேடம்" என்று ஒரு வரி. அதோடு நிறுத்திவிட்டார்.

மறுநாள் குரூப் அமைதி. ஆகா, ஒழுங்கு வந்துவிட்டது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஒரு வாரம் அமைதி.

ஒரு மாதம் அமைதி!!

கேள்வி போட்டுப் பார்த்தேன். ஓட்டெடுப்பு வைத்துப் பார்த்தேன். மூன்று ஓட்டு விழுந்தது. (அதில் ஒன்று என்னுடையது.)

போன திங்கட்கிழமை சென்னை ஆபீஸ் மேடத்திடமிருந்து போன்.

"பேசாத குரூப்புக்கு மேனேஜர் எதுக்கும்மா? இத்தனை நாள் இதனால என்ன நடந்துச்சுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதி அனுப்பு. பாத்துட்டு, வச்சிக்கலாமா மூடிடலாமான்னு சொல்றேன்."

மூடுவதா! லேப் வேலையை விட்டுவிட்டு ஆசைப்பட்டு வந்த வேலை இது. ஒரு விஞ்ஞானியை இன்னொருவரோடு பேச வைப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ரிப்போர்ட் எழுத குரூப்பின் ஒரு வருடப் பேச்சை மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன்.

மஞ்சளடித்த செடியை நோய் என்று நினைத்து மருந்தடிக்கப் போனவரை, "இது இரும்புச்சத்துக் குறைவு" என்று இன்னொருவர் தடுத்த பேச்சு. எங்கே தொடங்கியது? மேரியின் படத்துக்குக் கீழே. "வணக்கம்மா, இடது ஓரத்துச் செடி ஏன் மஞ்சளா இருக்கு?"

இரண்டு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு விதையைச் சோதிக்க முடிவெடுத்தது? அதுவும் மேரியின் படத்துக்குக் கீழே. "அதுக்குள்ள பூ வந்துடுச்சா? என்ன விதை?"

உருப்படியான பேச்சு எல்லாமே அப்படித்தான். நான் நடத்திய வெபினாரிலிருந்து ஒன்றுகூட இல்லை!

நேற்று காலை பஸ் ஏறிவிட்டேன்.

மேரி கையில் அளவு டேப்போடு வரப்பில் ஓடி வந்தார்.

"ஐயோ மேடம், நீங்க எதுக்கு வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே!"

"தப்பு பண்ணிட்டேன் மேரி. மன்னிச்சிடுங்க. மறுபடியும் தினம் படம் போடுங்க."

மேரி டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகினார்.

"எல்லாம் படிச்சவங்க மேடம். எனக்கு இங்கிலீஷ்ல கேள்வி கேக்கத் தெரியாது. சும்மா பாத்துக்கினு இருந்தா, நான் இருக்கறதே யாருக்குத் தெரியும்? அதான் படம் போட்டுக்கினு இருந்தேன். யாராச்சும் ஒண்ணு கேப்பாங்க, அளந்து சொல்லுவேன். நீங்க வேணாம்னதும், நமக்கு அங்க வேலை இல்லன்னு நெனச்சிக்கினேன்."

கூச்சப்படுகிறவரைப் பேச வைக்க என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். கூச்சத்தோடு பேசிக்கொண்டிருந்த ஒருவரின் வாயை நான் அடைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

"அய்ய, அழுவாதீங்க மேடம். இது சோதனைச் செடி, ஒண்ணு கூட புடுங்கித் தர முடியாது. ரோட்டுல வேக வெச்ச மல்லாட்டை வாங்கித் தர்றேன், வாங்க!"

தின்றுகொண்டே நடக்கும்போது கேட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? எல்லாரும் எப்பயாச்சும் பதில் போட்டாங்க. நீங்க ஒரு நாள் கூட போட்டதில்ல. எம்மேல கோவமா?"

கோபமில்லை. குரூப்பை ம்யூட்டில் வைத்திருந்தேன்.

குரூப்பின் மேனேஜர்!!

உண்மையைச் சொல்லிவிட்டேன். மேரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிட்டேன்.

திரும்பி வந்ததும் ரிப்போர்ட்டை எழுதி அனுப்பினேன். சட்டம் போட்டது, ம்யூட் போட்டது, மேரியின் படத்துக்குக் கீழே நடந்த பேச்சுகள், ஒன்று விடவில்லை.

இன்று காலை மேரியின் படம் வந்தது. பத்து மணிக்குள் நான்கு ஊர்க்காரர்கள் ஒரே ஒரு இலையை வைத்துச் சண்டை. எவ்வளவு அழகான சண்டை!

பதினோரு மணிக்கு மேடம் போன்.

"படிச்சேன். குரூப் இருக்கட்டும். ஏம்மா, எல்லாத்தையும் அந்தப் பொண்ணே பண்ணுதே, இனிமே நீ என்ன பண்ணப் போற?"

"அவங்களுக்கு முதல் ஆளா பதில் போடுவேன் மேடம்!"