ஐப்பசி மழைக்கு எந்த சென்ட்?

சென்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதலில் பிடிக்காமல் போவது சென்ட்தான். துணிக்கடை, செருப்புக்கடை, செல்போன் கடை என்று நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்களுக்கும் உங்கள் சரக்கைப் பார்த்தாலே குமட்டும்.

ப்ளஸ் ஒன் பாதியில் நின்றவள் நான். சோகக் கதை ஒன்றும் இல்லை, பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன். வேலையில் இருக்கிற வரைக்கும் சரி, வேலை போனால் ஜூனில் மறுபடி ப்ளஸ் ஒன் என்று அம்மா சொல்லிவிட்டாள். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஜெசிந்தா அக்காவின் ஃபேன்சி ஸ்டோரில் சென்ட் கவுன்டர் கிடைத்தது. பெரிய பாட்டிலில் இருந்து சின்ன பாட்டிலில் ஊற்றி, ஸ்ப்ரே மூடி அழுத்திக் கொடுக்க வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள். ஐப்பசி பிறந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரே மூச்சில் சொன்னார்: “வெயிலுக்கு வித்த லெமன் மழைக்கு நவுராது. தீபாவளிக்குள்ள மழைக்குன்னு ஒரு சென்ட் நீயே புடிச்சி, நீயே போட்டுக்கினு நின்னு விக்கணும். இல்லன்னா உன்ன வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?”

மல்லி

மழைக்கு மல்லிதான் என்று நானே முடிவு செய்தேன். ஆராய்ச்சி எதுவும் இல்லை, அந்த பாட்டில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. முகர்ந்து பார்க்கிற அட்டையில் அடித்துக் காட்டினால் எல்லாரும் தலையாட்டினார்கள். முதலில் வாங்கியவர் ரோலிங் மில்லில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர். இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர், பெயர் குமாரு.

மறுநாள் ஷிஃப்டுக்கு முன்னால் நேராகக் கடைக்கு வந்தார். மழையில் யூனிஃபாரம் முழுசாகக் காயவில்லையாம். அந்த ஈரச் சட்டை மேலேயே மல்லியை அடித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். கத்தவில்லை, பாட்டிலை மட்டும் கவுன்டரில் வைத்தார். “பாப்பா, பக்கத்துல குந்திக்கினு இருந்த ஆளு என் கைய புடிச்சிக்கினு, ‘யாரு தவறிட்டாங்க, எத்தன மணிக்கு எடுக்குறாங்க’ன்னு கேக்குறான்.”

குளிச்சிட்டுப் போங்க

மல்லியை விட்டுவிட்டு எனக்கே பிடித்ததைத் தேடலாம் என்றால், எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. ரோஜா தலைவலி. சந்தனம் கல்யாண வரவேற்பு. ‘ஓஷன்’ என்று ஒன்று. கடல் எங்கள் ஊரில் இருந்து தூரமில்லை, அப்படி ஒரு வாசனை அங்கே கிடையாது. ஒரே நாளில் ஒன்பது சென்ட்டை இரண்டு கையிலும் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்தேன். அம்மா தட்டையே பிடுங்கிவிட்டாள்.

பொய் சொல்லவும் வரவில்லை. முதன்முதலாகப் பெண் பார்க்கப் போகும் ஒருவர் எது போட்டால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். அவர் நேராக ஷிஃப்ட் முடித்து வந்திருந்தார். “மொதல்ல குளிச்சிட்டுப் போங்கண்ணா, அதுவே போதும்” என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார், எதுவும் வாங்கவில்லை. கல்லாவில் இருந்து அக்கா எட்டிப் பார்த்தார். “எதிர்ல சோப்புக் கட வெச்சிருக்கான் பாரு, அவன்கிட்ட போய் சம்பளம் கேளு.”

அப்பாவின் சட்டைக் கை

மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி, ஃபேனை ஓடவிட்டு, அதற்குக் கீழே சாப்பிட்டுத் தூங்கினோம். எந்தத் துணியை எடுத்தாலும் ஈரம் காயாத ஊமை வாடை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டையில் அடித்துப் பார்த்து ஆவது ஒன்றும் இல்லை. ஐப்பசியில் காய்ந்த அட்டையை யார் உடுத்திக்கொண்டு போகிறார்கள்? ஈரத் துணியில் எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்பா பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் இருக்கிறார். அவருடைய பழைய சட்டை கொடியில் தொங்கியது. ஒரு கையை வெட்டி, எட்டுத் துண்டாக்கி, டிபன் பாக்ஸில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனேன். சாம்பல் நிற யூனிஃபாரம் நனைந்தால் பழசும் புதுசும் ஒரே மாதிரி இருக்கும் என்பதும், நான் வெட்டியது புதுசை என்பதும் சாயங்காலம்தான் தெரிந்தது. ஷிஃப்ட் அவசரத்தில் அப்பா அதையே மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். முழுக்கை இல்லாமல் மெஷின் பக்கம் விடமாட்டார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். “கேட்ல நிக்க வெச்சி, ‘இன்னாபா, ஒரு கைக்கு மட்டும் வெயிலா’ன்னு கேட்டான்.”

பெயர் இல்லாதது

வெட்டியது வெட்டியதுதான். எட்டுத் துண்டிலும் எட்டு சென்ட். ஒரு மணி நேரத்தில் ரோஜா அழுகிவிட்டது. சந்தனம் சேறாகிவிட்டது. மற்றவை எல்லாம் ஊமை வாடைக்குப் பூ வைத்தது போல இருந்தன. எட்டாவது துண்டில் மட்டும் அந்த வாடையே இல்லை. கீழ்த்தட்டில், துடைப்பத்துக்குப் பக்கத்தில், சீட்டு ஒட்டாமல் கிடந்த பாட்டிலில் இருந்து ஊற்றியது அது. பூ இல்லை, பழம் இல்லை. லேசாகக் கிராம்பு. மற்றபடி, இப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.

துப்பட்டா நுனியில் நிறையவே தடவிக்கொண்டேன். சாயங்காலம் வரை கழுவத் தோன்றவில்லை. என் மூக்கு ஒரு சென்ட்டுக்குச் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் யாரும் வாங்கவில்லை. பெயர் என்ன என்றார்கள், தெரியாது என்றேன். அட்டையில் அடித்துக் காட்டினால் முகத்தைச் சுளித்தார்கள். தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள். ஒரு அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “இதுல ஒண்ணுமே இல்லியேம்மா, வெறும் துணிதான் வருது.”

கிளிப்பில் இரண்டு துண்டு

வெறும் துணிதான். அதைத்தானே விற்க வேண்டும்! மறுநாள் அந்த எட்டில் இரண்டு துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்து, ஒன்றில் மல்லி, ஒன்றில் பெயர் இல்லாதது, இரண்டையும் கிளிப் போட்டுக் கவுன்டர் முன்னால் தொங்கவிட்டேன். இரண்டு மணி ஷிஃப்ட் ஆட்கள் ஈரச் சட்டையோடு வந்தார்கள். குமாரு அண்ணன் மல்லித் துண்டைப் பார்த்ததும் ஒரு அடி தள்ளி நின்றார். “இந்த தபா யாரு செத்தது?” என்றார். நான் இன்னொரு துண்டைக் காட்டினேன்.

முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பின்னால் இருந்தவரை இழுத்து அவர் மூக்கிலும் வைத்தார். அன்றைக்கு மட்டும் பதினோரு பேர் வாங்கினார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் பாட்டில் காலி. கடைசியாக வந்தவர் அந்தத் துண்டையாவது கொடு என்று பிடுங்கிக்கொண்டு போனார். குமாரு அண்ணன் முதல் நாள் சொன்னதுதான் எனக்கு நினைவிருக்கிறது. “காஞ்ச துணி பாப்பா இது, எங்க ஊட்ல பத்து நாளா இந்த வாசனையே இல்ல.”

பாட்டிலின் கதை

காலி பாட்டிலை அக்காவிடம் நீட்டி, இதை இன்னும் இரண்டு வரவழையுங்கள் என்றேன். அக்கா பாட்டிலைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோடையில் பாட்டில் கழுவும்போது ஒவ்வொன்றிலும் அடியில் தங்கிய மிச்சத்தை அவர் அதில் ஊற்றி வைத்திருக்கிறார், தரை துடைக்கிற தண்ணீரில் கலக்க. எதில் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. மழையோ இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. கடை வாசலில் நாலு பேர் அதையே கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

ப்ளஸ் ஒன் புத்தகம் கண் முன்னால் வந்து போனது. அக்கா என் துப்பட்டா நுனியை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டில் இருந்த நாற்பது சென்ட் பாட்டிலையும் கவுன்டரில் இறக்கி, ஒரு காலி பாட்டிலை என் பக்கம் தள்ளினார். “இதத் தோய்க்காத, மோந்து மோந்து அதயே திரும்பக் கலக்கு, அது வர்ற வரைக்கும் உனக்கு வேல இருக்கு.”

இப்படியாக, மூன்று வாரமாகத் துவைக்காத ஒரு துப்பட்டாவின் தயவில் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கிறேன்.